தொங்கலில் ஒரு தோள்

திரைக்காரம்மா ஏணியிலிருந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் ஏணியிலிருந்துதான் விழுந்தார் என்று சத்தியம் செய்கிறார்கள். மீதிப் பேர் தங்கச்சிதான் பிடித்துத் தள்ளிவிட்டாள் என்கிறார்கள். இரண்டும் பொய். முப்பத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய், ஏணி ஏறி, ஜன்னல்களுக்குத் திரை மாட்டிய மனுஷி, அறுபத்தொன்பதாவது வயதில், தன் சொந்தக் கடையில், சமதரையில், மடித்துப் போட்ட துணியின் ஓரத்தில் கால் மாட்டி விழுந்தார். வலது கை முதலில் ஊன்றியது. தோளுக்குக் கொஞ்சம் கீழே மளுக்கென்று ஒரு சத்தம். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த தங்கச்சி ஊசிதான் உடைந்துவிட்டது என்று நினைத்து, குனிந்து ஊசியைப் பார்த்தாள். அந்த ஒரு விநாடிக்காக அக்கா அவளை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கடையில் வேலைப் பங்கீடு எளிது. தைப்பது தங்கச்சி, மாட்டுவது அக்கா. தங்கச்சி ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்தாலே உலகம் சுற்ற ஆரம்பித்துவிடும். திரை தைத்துக் கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. ஜன்னலை அளந்து, கம்பி பொருத்தி, கொக்கி கோர்த்து, மடிப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக விழும்படி மாட்டித் தர இவர் ஒருவர்தான். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் திரைக்காரம்மா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"கை தலைக்கு மேல போகுமாடி?"

"முதல்ல கை இருக்கான்னு பார்ப்போம், நீ வா" என்றாள் தங்கச்சி. ஆறுதல் சொல்வதில் அவள் கைராசி அப்படி.

ஊரில் எலும்புக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. வாசலில் பத்து அடி உயரத்துக்கு ஒரு தொடை எலும்பைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பதிவு சன்னல். அங்கே இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தீங்க?"

"தரையிலதான் விழுந்தேன்."

"எல்லாரும் தரையிலதாம்மா விழுவாங்க. எங்க இருந்துன்னு கேட்டேன்."

"நின்னுக்கிட்டு இருந்தேன்."

"எது மேல?"

"என் கால் மேல."

பதிவுக்காரர் படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏணி, மாடி, வண்டி, மரம் என்று நான்கே கட்டம்தான் இருந்தது. சும்மா நின்றவர்கள் விழுவார்கள் என்று அந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அங்கே வருகிற வயசாளிகளில் முக்கால்வாசி அப்படித்தான் விழுந்து வருகிறார்கள். அவர் சிறிது யோசித்து, மரத்தில் ஒரு டிக் போட்டார்.

படம் எடுத்தார்கள். பார்த்தது ஒரு சின்ன டாக்டர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைப் பையில் பாதி கடித்த பிஸ்கட். அந்தக் கட்டடத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசியது அவர் ஒருவர்தான். அனுபவம் போதாது என்று மேலே இருந்தவர்கள் சொன்னது இதைத்தானோ என்னவோ.

"அம்மா, மேல்கை எலும்பு தோள்கிட்ட உடைஞ்சிருக்கு. துண்டுங்க ரொம்ப விலகலை, மூட்டும் நழுவலை. சிலருக்குக் கட்டாயம் ஆபரேஷன் பண்ணியே ஆகணும். உங்களுக்கு அது வேண்டாம். உங்க வயசுல இந்த மாதிரி உடைஞ்சா, தகடு வெச்சாலும் வைக்காட்டாலும் ஒரு வருஷம் கழிச்சு கை அனேகமா ஒரே மாதிரிதான் இருக்கு. கழுத்துல பட்டை மாட்டிக் கையைத் தொங்கவிடுங்க. கையோட பாரமே எலும்பை நேரா இழுத்து வெச்சுக்கும்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"ரெண்டு வாரம். அப்புறம் பயிற்சியறைக்கு வந்துடணும். அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. தோள் ரொம்ப ரோஷக்காரன். கண்டுக்காம விட்டா அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் மசியாது."

"மேல போகுமா? கம்பி வரைக்கும்?"

"நேரத்துக்கு ஆரம்பிச்சா பெரும்பாலும் போகும்."

அப்படிச் சொல்லிவிட்டு, சீட்டில் இரண்டே வரி எழுதினார். 'வலது தோள். தொங்கவிடவும்.' பயிற்சியைப் பற்றிப் பின்பக்கம் எழுதினார். அந்த ஆஸ்பத்திரி தோன்றிய நாளிலிருந்து ஒரு சீட்டின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை என்பது பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டார்கள். திரைக்காரம்மா வலியோடு வலியாக அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஒத்தைத் தையல். இதை எந்தப் புண்ணியவான் தைச்சான்?" என்றார். வீட்டுக்குப் போன அன்றே தங்கச்சி அதைப் பிரித்து இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்கு முன்னால் சீட்டைப் பதிவறையில் கொடுக்க வேண்டியிருந்தது. பதிவறையின் சுவரோரமாக, ஆள் உயரத்துக்கு மேலே, நீளமாக ஒரு கம்பி ஓடியது. அதில் நூற்றுக்கணக்கான கோப்புகள் கொக்கி போட்டு மாட்டியிருந்தன. எதற்கெல்லாம் மேலே இருப்பவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லையோ அதெல்லாம் அங்கே தொங்கும். அந்தக் கம்பிக்கு அங்கே பெயரே தொங்கல்.

குமாஸ்தா சீட்டை வாங்கினார். 'தொங்கவிடவும்' என்று படித்தார். அவர் பணியில் சேர்ந்து இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு டாக்டர் எழுதி அவர் பார்த்ததில்லை. கோப்பில் கொக்கியைக் குத்தி, நீளக் கழியால் தூக்கிக் கம்பியில் மாட்டினார்.

திரைக்காரம்மா அண்ணாந்து பார்த்தார். "நடுவுல கம்பி தொய்யுது. அங்க ஒரு பிடி போட்டிருக்கணும்" என்றார். தன் தோளை மாட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் போனது. காயம் நீலமாகி, கருப்பாகி, முழங்கை வரை இறங்கியது. படுத்தால் குத்தியது, அதனால் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி தன் மாமியாருக்கு இதே மாதிரி உடைந்ததென்றும், தகடு வைத்த பிறகு மழை வருவதை அந்தத் தோள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதென்றும் பெருமையாகச் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் காலை சகோதரிகள் இருவரும் பயிற்சியறை வாசலில் நின்றார்கள். உள்ளே கயிறுகள், பந்துகள், சுவரில் அடித்த சின்னச் சின்னப் படிகள். எல்லாம் தூசியில்லாமல் இருந்தன, ஆட்களும் இல்லாமல் இருந்தன. அறையின் பொறுப்பாளர் அம்மாள் கணினியைத் தட்டினார்.

"உங்க தோள் தொங்கல்ல இருக்கு."

"ஆமாம்மா, ரெண்டு வாரமா தொங்குது. டாக்டர் சொன்னபடி" என்றார் திரைக்காரம்மா பெருமையாக.

"அது இல்லம்மா. உங்க கேஸ் தொங்கல். தோள் முடிவு மன்றம் இன்னும் முடிவு பண்ணலை. விதி பதினாலு படிக்கிறேன் கேளுங்க: 'முடிவாகாத எதையும் எவரும் அசைக்கக் கூடாது.' அசைச்சா என் வேலை போயிடும்."

"அது காகிதத்துக்குப் போட்ட விதியா இருக்கும்" என்றாள் தங்கச்சி. "இது கை."

"விதியில காகிதம்னு போடலையே. 'எதையும்'னு போட்டிருக்கு."

"ஆபரேஷனே வேண்டாம்னுதானே அந்த டாக்டரம்மா சொன்னாங்க?"

பொறுப்பாளர் அம்மாள் இரக்கத்தோடு பார்த்தார். "தகடு வெச்சவங்க வரலாம், தோள்ல செயற்கை உருண்டை வெச்சவங்க வரலாம். ஒண்ணுமே பண்ணாதவங்களுக்கு நான் எந்தக் கணக்குல பயிற்சி குடுக்கறது? கணினியில 'ஒண்ணும் பண்ணலை'ன்னு ஒரு பொத்தானே கிடையாதும்மா."

ஆக, திங்கட்கிழமை தோறும் தொங்கல் கூடத்துக்கு வர வேண்டும் என்று சொன்னார்கள். தொங்கல் கூடம் என்பது நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சு முழுக்கக் கழுத்தில் பட்டை மாட்டிய வயசாளிகள். வரிசையில் போய்ச் சீட்டைக் கொடுத்தால் 'இன்னும் தொங்கல்' என்று முத்திரை குத்தித் தருவார்கள். அதை வாங்கத்தான் காலையிலிருந்து மதியம்வரை உட்கார வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முத்திரைச் சீட்டுகளைப் பழைய பழக்கத்தில் விரலிடுக்கில் விசிறி மாதிரி அடுக்கி வைத்திருந்தார்.

"எத்தனை நாளா வர்றீங்கண்ணே?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ஏழு மாசம்."

"கை எப்படி இருக்கு?"

கண்டக்டர் இடது கையைத் தூக்கினார். அதாவது, தூக்க முயன்றார். கை விலாவை விட்டு ஒரு சாண் விலகி நின்றுவிட்டது. மீதிக்கு உடம்பைச் சாய்த்தார்.

"அவ்வளவுதான். எலும்பு எப்பவோ கூடிடுச்சாம். தோள்தான் துருப்பிடிச்சுப் போச்சு. தலை வாரி விடறதுகூட மருமகதான். அவ வாரிவிடற வகிடைப் பார்த்தா எனக்கே என்னை அடையாளம் தெரியலை." சிரித்தார். பெஞ்சில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

திரைக்காரம்மா அந்த ஒரு சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அளவுகள் கண்ணிலேயே வரும். அதிலிருந்து கம்பிவரை எத்தனை சாண் என்று வீட்டுக்குப் போகும்வரை கணக்குப் போட்டார்.

அடுத்த திங்கள் தங்கச்சி குமாஸ்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "இந்தத் தொங்கல்ல இருந்து இறங்க என்னதான் வழி?"

"சிகிச்சை மறுப்புப் படிவம் குடுத்தா இறக்கிடலாம். நோயாளி சிகிச்சை வேண்டாம்னு சொல்லிட்டார்னு."

"நான் எங்க வேண்டாம்னேன்? வேணும்னுதானே வாராவாரம் வந்து உட்கார்ந்திருக்கேன்?" என்றார் திரைக்காரம்மா.

"வேணும்னா தொங்கணும். வேண்டாம்னா இறங்கலாம். இறங்கினா பயிற்சியறைக்குள்ள விடமாட்டாங்க. வேண்டாம்னவங்க ஆச்சே."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். சரி, படிவத்தையாவது கொடுப்போம், இறங்கிய பிறகு மேலே மனுப் போடுவோம் என்று திரைக்காரம்மா பேனாவை வாங்கினார். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட அவரால் முடியும். குமாஸ்தா படிவத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையே தொங்கல்ல இருக்கு. அதால போடற கையெழுத்து செல்லாது."

"அப்ப இடது கையால போடறேன்."

"இடது கை எங்ககிட்ட நோயாளியாப் பதிவாகலையே."

தங்கச்சி அன்று குமாஸ்தாவைத் திட்டிய திட்டு நல்ல நீளமானது. அதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதி அவருடைய மூக்கைப் பற்றியது.

ஆறாவது வாரம்தான் சின்ன டாக்டர் அந்த நடை வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனார். பட்டையோடு உட்கார்ந்திருந்த திரைக்காரம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னுமா பட்டை? பயிற்சி ஆரம்பிக்கலையா?"

"நீங்கதானே தாயி தொங்கவிடச் சொன்னீங்க. தொங்கவிட்டுட்டாங்க."

விஷயத்தைக் கேட்டு முடித்தபோது அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. தான் எழுதிய ஒரே ஒரு சொல் எங்கே போய்க் கொக்கியில் மாட்டியது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தப்பாக மாட்டியதைத் திருத்த வேண்டுமானால் அதற்கும் மன்றத்துக்குத்தான் எழுத வேண்டும், அதுவும் தொங்கும். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றினார்.

"குனிங்க. இடது கையால பெஞ்சைப் பிடிச்சுக்குங்க. வலது கையை அப்படியே கீழ விடுங்க. பயப்படாதீங்க, விழாது. இப்ப சின்ன வட்டம். ஆங். கிணத்துல வாளி ஆடற மாதிரி. தினம் நாலு வேளை. வலி குறையக் குறைய, விரலால சுவர்ல ஏறுங்க. அப்புறம் நல்ல கை கெட்ட கையைத் தூக்கிவிடற மாதிரி ஒரு கயிறு வேணும். மேல ஒரு கப்பி..."

"கப்பியும் கயிறுமா?" திரைக்காரம்மா குனிந்தபடியே சிரித்தார். மூன்றாம் வாரத்தில் செய்ய வேண்டியது ஆறாம் வாரத்தில் தொடங்கியிருந்ததால் கண்ணில் தண்ணீரும் வந்தது. "அந்தக் கடையே நான்தான் வெச்சிருக்கேன்."

அவர் ஆடுவதைப் பார்த்ததும் கண்டக்டர் எழுந்து குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் குனிந்தார். ஐந்து நிமிஷத்தில் அந்த நடை முழுக்க வயசாளிகள் பெஞ்சைப் பிடித்துக் குனிந்தபடி கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி ஓடி வந்து விசில் ஊதினான். மறுநாள் சுவரில் ஒரு பலகை ஏறிவிட்டது: 'தொங்கல் கூடத்தில் கை, தோள் முதலியவற்றை ஆட்டுவது தண்டனைக்குரியது.' ஒரு பலகைக்கு மன்றத்தின் அனுமதி வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கு அரை நாள்தான் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு பயிற்சி கடையில்தான் நடந்தது. மாதிரிக்கு ஜன்னலில் மாட்டியிருந்த திரையைக் கழற்றிவிட்டு, திரை இழுக்கும் கயிற்றின் ஒரு முனையை வலது கையில் கட்டிக்கொண்டார். மறு முனையை இடது கை இழுத்தது. வலது கை முக்கி முனகி மேலே போனது. தங்கச்சி மிஷினை மிதித்தபடியே எண்ணினாள்.

"எட்டு. ஒன்பது. ஏய், முகத்தைச் சுளிக்காதே, வாடிக்கைக்காரங்க பயந்து ஓடிடுவாங்க. பத்து."

"உன் வாய்க்கு ஒரு பட்டை மாட்டணும்டி."

"அதைத் தைக்கவும் நான்தானே வேணும். பதினொண்ணு."

முதல் மாதம் கை மார்பு உயரம். அடுத்த மாதம் தோள் உயரம். அதற்கு மேல் ஒவ்வொரு விரற்கடைக்கும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பட்டையில் சும்மா கிடந்த அந்த மூன்று வாரத்தைத் தோள் மறக்கவில்லை. தங்கச்சி சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொண்டே வந்தாள். விழுந்த ஐந்தாம் மாதத்தில் கோடு தலையைத் தாண்டியது. கை முழுக்க நிமிரவில்லை, முழங்கை கொஞ்சம் மடங்கித்தான் இருந்தது. ஆனால் தாண்டியது.

அந்த வாரம்தான் மன்றத்திலிருந்து ஓலை வந்தது. புதன்கிழமை கூட்டத்துக்குப் 'படத்தின் உரிமையாளர்' நேரில் வர வேண்டும் என்று. படத்தின் உரிமையாளர் என்றால் நோயாளி.

மன்றம் நீள்வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. எட்டுப் பேர். தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தகடு. உடைந்தது எதுவானாலும் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவார். வீட்டில் ஒரு முறை உடைந்த ஜாடிக்கும் வைத்ததாகப் பேச்சு. அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் உருண்டை. அவர் தோள் எலும்பின் மண்டையையே எடுத்துவிட்டுப் பளபளவென்று செயற்கை உருண்டை பொருத்துவார். மீதி ஆறு பேரில் மூன்று பேர் தகட்டுக்கட்சி, மூன்று பேர் உருண்டைக்கட்சி. எலும்பு மூன்று துண்டாக உடைந்திருந்தால் ஆள் தகட்டுக்கு, நான்கு துண்டென்றால் உருண்டைக்கு என்று அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. திரைக்காரம்மாவின் படத்தில் இருப்பது மூன்றா நான்கா என்று பதினாறு கூட்டமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினாறு தடவையும் நாலுக்கு நாலு.

பின்வரிசையில் அக்காவும் தங்கச்சியும். சுவரோரம் சின்ன டாக்டர், அவருக்கு நாற்காலி கிடையாது. மேஜைக் கோடியில் குறிப்பெழுதப் பதிவறைக் குமாஸ்தா. முதல் நாள் எடுத்த படம் வெளிச்சப் பலகையில் மாட்டியிருந்தது.

"இந்த வயசுல மரத்துல என்ன வேலை?" என்றார் தகடு, கோப்பைப் புரட்டியபடி.

கேள்வி படத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டிருந்தது.

சின்ன டாக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, உடைஞ்சு அஞ்சு மாசம் ஆகப்போகுது. இப்ப ஒரு படம் எடுத்துப் பார்த்தா எலும்பு கூடியிருக்கும்."

"புதுப் படம் எடுத்தா புது நோயாளி. புதுக் கோப்பு. வேற தொங்கல். முறை தெரியாமப் பேசாதம்மா."

"கையை அசைக்கறாங்க ஐயா. தகடு வெச்சவங்களுக்கும் வைக்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு இவ்வளவு ஆராய்ச்சி..."

"யார் சொல்றா வித்தியாசம் இல்லைன்னு? நோயாளிங்க. 'எனக்குக் கை நல்லா இருக்கு, சோறு எடுத்துச் சாப்பிடறேன், தூங்கறேன்'னு. அது அவங்க சொந்த அபிப்பிராயம். படத்துல நல்லா இருக்கான்னு நாமதான் சொல்லணும்." தகடு எழுந்து நின்றார். உரைக்கு எழுந்தால் அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொள்வார். "நண்பர்களே, சும்மா விட்டா கூடிடும்ங்கறாங்க. எலும்பு கூடும். நான் மறுக்கலை. ஆனா தானாக் கூடின எலும்புல நம்ம பங்கு என்ன? பன்னிரண்டு வருஷம் படிச்சது சும்மா இருக்கவா? ஒரு நோயாளி நம்ம கை படாம குணமாகி வீட்டுக்குப் போறதை விட இந்தத் துறைக்குப் பெரிய அவமானம் உண்டா? அப்படி ரெண்டு பேர் போனா மூணாவது ஆள் வருவானா?"

மேஜையைத் தட்டினார்கள். உருண்டை எழுந்து தன் பங்கைச் சொன்னார். "தலைவரோட எல்லாத்துலயும் முரண்படறவன் நான். இதுல இல்லை. அந்தம்மாவுக்கு மூணா நாலாங்கறதுதான் தகராறு. வெளிய இருந்து எண்ணி முடியலை. திறந்து எண்ணிடுவோம். மூணுன்னா தலைவர் தகடு வெக்கட்டும். நாலுன்னா நான் உருண்டை வெக்கறேன்."

"கூடியிருந்தா?" என்று கேட்டுவிட்டார் சின்ன டாக்டர். "ஒரே துண்டா இருந்தா?"

உருண்டை ஒரு கணம் யோசித்தார். "பிரிச்சு எண்ணலாமே."

தங்கச்சி அக்காவின் இடது கையை இறுக்கிப் பிடித்தாள். கயிறும் கப்பியுமாகத் தலைக்கு மேல் ஏற்றிய கையை இந்த எட்டுப் பேர் திறந்து எண்ணப் போகிறார்கள் என்பது திரைக்காரம்மாவுக்குச் சந்தேகமில்லாமல் விளங்கிவிட்டது.

"திறந்து எண்ணுவதை ஆதரிப்பவர்கள்?" என்றார் தகடு.

எட்டுக் கைகள் எழுந்தன. எழுந்தன என்று குறிப்பில்தான் போட முடியும். முழங்கை மேஜையை விட்டு எழவில்லை, விரல்கள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தன. சிலருடையது காது மடல் வரைக்கும் வந்தது.

"ஆட்சேபணை உள்ளவர்கள் கையைத் தூக்கலாம்." இது வெறும் வாய்ப்பாடு. சொல்லிக்கொண்டே அவர் அடுத்த கோப்பை எடுக்கத் திரும்பிவிட்டார்.

திரைக்காரம்மா வலது கையைத் தூக்கினார்.

மெதுவாகத்தான் போனது. இடுப்பு, மார்பு, தோள். தோளைத் தாண்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். காதைத் தாண்டியது. தலையைத் தாண்டியது. முழங்கை லேசாக மடங்கி மேலே நின்றது. அந்த அறையில் எழுந்திருந்த ஒன்பது கைகளில் அதுதான் உயரம்.

சுவரோரம் சின்ன டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமாஸ்தா எண்ணினார்.

"ஆதரவு எட்டு. எதிர்ப்பு ஒண்ணு."

"தீர்மானம் நிறைவேறியது" என்றார் தகடு.

"அய்யா!" தங்கச்சி எழுந்துவிட்டாள். "கண்ணைத் திறந்து பாருங்க! எந்தக் கையைத் தூக்கியிருக்காங்கன்னு பாருங்க!"

"ஆட்சேபணையை எண்ணியாச்சும்மா. ஒரு கையை ரெண்டு தடவை எண்ண முடியாது."

திரைக்காரம்மா கையை இறக்கவில்லை. "தம்பி, எழுதினதை ஒருதரம் படிங்க" என்றார் குமாஸ்தாவைப் பார்த்து.

குமாஸ்தா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு படித்தார். "எதிர்த்தது, ஒரு கை. வலது."

"எந்தக் கையை அறுக்கப் போறீங்க?"

"வலது."

படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். உயர்ந்து நின்ற கையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷப் பணியில் முதல்முறையாக அவர் வாயில் ஏதோ வந்து நின்ற மாதிரி இருந்தது. பிறகு முத்திரையை மையில் தொட்டுக் குத்தினார்.

சீட்டு கொடுத்தார்கள். அடுத்த வியாழக்கிழமை, காலை ஆறு மணி, வெறும் வயிற்றோடு வரவும்.

வியாழக்கிழமை காலை திரைக்காரம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார். தங்கச்சி போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் புதுசாகக் கட்டிய ஒரு வீட்டுக்குப் போய், ஏணியை ஜன்னலோரம் சாய்த்தார்கள். முன்னெல்லாம் அந்த உயரத்து ஜன்னலுக்கு மூன்றாம் படியில் நின்றாலே கம்பி எட்டும். இப்போது எட்டவில்லை. நான்காம் படிக்கு ஏறினார்.

"எதுக்குக்கா இன்னும் ஒரு படி?" என்றாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கச்சி, பயத்தில்.

"இது ஆஸ்பத்திரிக்காரங்க பங்கு" என்று சொல்லி, முதல் கொக்கியைக் கம்பியில் மாட்டினார்.